ஒரு குருவியும் சமையற்காரர் முத்துவும்

ஐப்பசி மழை தொடங்கும் நாள்களில் கெலிஓயாவின் வீட்டுத் தோட்டங்களுக்கு ஒரு சிறு பறவை வந்து சேருகிறது. பலாவும் கமுகும் ஈரப்பலாவும் கராம்பும் நெருங்கி நின்று, அவற்றின்மீது மிளகுக்கொடி படர்ந்து, நண்பகலிலும் அந்திபோல் இருண்டு கிடக்கும் மூலைகளே அதற்கு உகந்தவை. அதன் நீளம் 13 சென்ரிமீற்றர். எடை 10 முதல் 14 கிராம் வரை. முதுகு மங்கிய பழுப்பு நிறம், தொண்டை வெள்ளை, மார்பின் குறுக்கே ஒரு பழுப்புச் சாயல். பெரிய கண்ணைச் சுற்றி வெளிறிய வளையம் உண்டு. இதே பருவத்தில் இங்கு வரும் இன்னொரு பழுப்பு ஈப்பிடிப்பானின் கால்கள் கறுத்தவை. இதன் கால்களோ வெளிறிய நிறத்தவை. ஐயம் தீர்த்துக்கொள்ள விரும்புவோர் காலைப் பார்த்தல் போதும்.

விடியற்புலரியிலும் மாலை இருள் கவியும் வேளையிலுமே அது சுறுசுறுப்பாக இரை தேடுகிறது. தாழ்ந்த கிளையொன்றில் அசையாது அமர்ந்திருந்து, திடீரெனப் பாய்ந்து, பூச்சியைக் கவ்விக்கொண்டு மீளும். பாடும் பறவைகளின் பெருங்குடும்பத்தைச் சேர்ந்ததேயாயினும், நம்மிடம் தங்கும் மாதங்களில் அதனிடம் மெல்லிய கீச்சொலிக்கு மேல் எதுவும் கேட்பது அரிது. வடகிழக்கு இந்தியாவின் மலைகளிலும் பர்மாவிலும் தென்சீனத்திலும் தாய்லாந்தின் வடபகுதியிலும் அது கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கிறது. குளிர்காலத்தைத் தென்னிந்தியாவிலும் நமது தீவின் தாழ்நிலக் காடுகளிலும் நடுத்தர உயரமுள்ள மலைச்சாரல்களிலும் கழிக்கிறது. பங்குனி கழிவதற்குள் பெரும்பாலும் திரும்பிச் சென்றுவிடும்.

இத்தகைய எளிய பறவையைப் பற்றி ஓர் இலக்கியச் சஞ்சிகையில் எழுதுவானேன் என்று வாசகர் வினவலாம். அதன் பெயரின் பொருட்டே எழுதுகிறோம். விலங்கியலாளர் இதற்கு வழங்கும் பெயர் மஸ்கிகாப்பா முத்துயி. முதற் சொல் லத்தீன் மொழியில் ‘ஈயைப் பிடிப்பது’ என்று பொருள்படும். இரண்டாவது சொல் நம்முடையது. முத்து என்ற பெயரோடு லத்தீனின் ஆறாம் வேற்றுமை உருபு சேர்ந்து ‘முத்துயி’ என நிற்கிறது. ‘முத்துவினது’ என்பதே அதன் பொருள்.

அந்த முத்து ஒரு சமையற்காரர். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் நடுப்பகுதியில் வாழ்ந்தவர்.

அவருடைய எசமானர் எட்கார் லியோபோல்ட் லேயார்ட். 1824 இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரிற் பிறந்த ஆங்கிலேயர். நினிவே நகரின் இடிபாடுகளை அகழ்ந்து புகழ்பெற்ற ஒஸ்டின் ஹென்றி லேயார்ட் இவருடைய தமையனார். எட்கார் 1846 இல் இலங்கைக்கு வந்து குடியேற்ற அரசின் சேவையில் அமர்ந்தார். உத்தியோகம் ஒருபுறமிருக்க, பறவைகளையும் சிப்பிகளையும் சேகரிப்பதிலேயே அவருடைய நாட்டம் சென்றது. சேகரித்த பறவைத் தோல்கள் பல, கல்கத்தாவில் ஆசியச் சங்கத்தின் அரும்பொருட்சாலையைப் பேணிவந்த எட்வர்ட் பிளைத்திடம் போயின. எட்டாண்டுக் காலம் இத்தீவில் தாம் சேகரித்த பறவைகளைப் பற்றிய குறிப்புகளை லேயார்ட் 1853, 1854 ஆம் ஆண்டுகளில் இலண்டனில் வெளியான ஓர் இயற்கை வரலாற்றுச் சஞ்சிகையில் தொடராக எழுதினார். பருத்தித்துறையிற் கிடைத்த இச்சிறு பறவை 1854 இல் அத்தொடரிலேயே முதன்முறையாக உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அப்போது அதற்கு அவர் இட்ட பெயர் பூற்றாலிஸ் முத்துயி. தம்மிடம் நெடுநாள் பணிபுரிந்த முத்துவை நினைந்தே அப்பெயரை இட்டதாகவும், தம்முடைய சிறந்த பறவைகள் பலவற்றுக்கும் அவருடைய பொறுமையான முயற்சிக்கே தாம் கடன்பட்டிருப்பதாகவும் அவரே எழுதினார்.

எசமானர் ஒருவர் தம் வேலையாளுக்குக் கடன்பட்டதாக அச்சிலே ஒப்புக்கொள்வது அக்காலத்தில் எளிதில் நிகழக்கூடியதன்று. அதற்காக லேயார்டுக்கு உரிய மதிப்பை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அந்தப் பொறுமையான முயற்சி எத்தகையது என்பதைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

புகைப்படக் கருவி கையில் எடுத்துச் செல்லக்கூடியதாக இல்லாத காலம் அது. ஒரு பறவையை அறிவியல் ஏற்கவேண்டுமாயின் அதன் தோல் வேண்டும். வெப்பநாட்டில் இறந்த பறவை மறுநாள்வரை நில்லாது. அன்றே வயிற்றைக் கீறி, உடலைத் தோலிலிருந்து பிரித்தெடுத்து, மண்டையோட்டைச் சுத்தம் செய்து, உட்புறத்தில் பாஷாணம் கலந்த சவர்க்காரத்தைப் பூசி, பஞ்சை அடைத்து, தைத்து, இறகுகளை ஒழுங்குபடுத்தி, எறும்பு அணுகாத இடத்திலே உலர்த்தவேண்டும். 13 சென்ரிமீற்றர்ப் பறவையின் தோல் நனைந்த கடதாசியைப் போன்றது. விரல் சற்றே அழுத்தினாலும் கிழிந்துவிடும். பாஷாணமோ அதனைக் கையாள்பவரின் உடலுக்கும் கேடு. சேகரிப்போர் பலரும் இவ்வேலையை உள்நாட்டு வேலையாள்களுக்குக் கற்பித்தே செய்வித்தனர். கத்தி பிடித்துப் பழகிய சமையற்கட்டின் கைகள் இதற்கு மிகவும் பொருந்தின போலும். இவற்றுக்கெல்லாம் முன்னதாகப் பறவையைக் கண்டுபிடிக்கவேண்டுமே! ஒலியெழுப்பாத, இருளை விரும்புகின்ற, மற்றொன்றோடு எளிதில் மயங்கக்கூடிய ஒரு குருவியை வேறொன்றெனப் பிரித்தறிய, ஏட்டறிவுக்கு முந்திய ஒரு கண் வேண்டும்.

முத்து ஒருவர்தாமா இப்படி வாழ்ந்தவர்? உலகெங்கும் இதே கதைதான். 1826 இல் எடின்பரோ நகரில் மாணவராயிருந்த சார்ள்ஸ் டார்வினுக்குப் பறவைகளைப் பாடம் செய்யும் கலையைக் கற்பித்தவர், தென்னமெரிக்காவின் டெமெறாறாவில் அடிமையாக இருந்து விடுதலைபெற்ற ஜோன் எட்மன்ஸ்டன் என்ற கறுப்பின மனிதர். இயற்கைத் தேர்வுக் கொள்கையை டார்வினோடு ஒருங்கே கண்ட அல்பிறெட் றஸல் வொலஸுக்கு அலி என்ற மலாய் இளைஞர் துணையிருந்தார். 1855 இல் சரவாக்கிற் பணியாளாகச் சேர்ந்த அலியும் நன்றாகச் சமைக்கத் தெரிந்தவரே. சுடவும் தோலுரிக்கவும் விரைவிற் கற்றுக்கொண்டார். 1858 இல் மலுக்குத் தீவுகளில் ஒன்றாகிய பச்சானில், அதுவரை எந்த ஐரோப்பியரும் அறியாத ஒரு சொர்க்கப் பறவையைச் சுட்டு எடுத்துவந்து எசமானரின் முன் வைத்தவர் அலியே. மறு ஆண்டு இலண்டன் அரும்பொருட்சாலையைச் சேர்ந்த கிறே அதற்குப் பெயரிட்டார். வொலஸின் பெயரையே இட்டார். அலிதான் அதனைக் கொணர்ந்தார் என்று வொலஸ் தமது நூலில் மறையாது எழுதியிருக்கிறார். ஆனால் நூலை வாசிப்போர் சிலர். பெயரைச் சொல்வோர் பலர்.

அவ்வகையில் முத்துவுக்குக் கிடைத்தது அலிக்குக் கிடைக்கவில்லை எனலாம். ஆனால் இங்கும் கதை அத்துடன் முடியவில்லை. ஒரு பறவையின் விலங்கியற் பெயருக்குப் பின்னால், அதனை முதலில் விவரித்தவரின் பெயரும் ஆண்டும் எழுதப்படுதல் மரபு. இப்பறவையின் பெயருக்குப் பின்னால் ‘லேயார்ட், 1854’ என்று எழுதுகிறார்கள். எனவே லேயார்டுக்கு உரிய இடம் அங்கேயே கொடுக்கப்பட்டாயிற்று. பின்னர் ஆங்கிலத்தில் இதற்கொரு வழக்குப் பெயர் வேண்டியபோது என்ன செய்தார்கள்? ‘முத்துவின் ஈப்பிடிப்பான்’ என்று மொழிபெயர்த்தார்களா? இல்லை, ‘லேயார்டின் ஈப்பிடிப்பான்’ என்றார்கள். எசமானர் தாமாகவே வேலையாளுக்குக் கொடுத்ததை, எசமானரின் இனத்தவர் திரும்ப வாங்கி எசமானரிடமே சேர்ப்பித்தார்கள். லத்தீன் அறிந்தோர் மட்டும் முத்துவைக் கண்டனர். இப்பொழுது ஆங்கில நூல்களிற் பெரிதும் வழங்குவது ‘பழுப்பு மார்பு ஈப்பிடிப்பான்’ என்ற பெயர். அதில் இருவருமே இல்லை.

இதனிடையே முதற்சொல் பலமுறை மாறிற்று. பூற்றாலிஸ் என்றிருந்தது அல்சியோனக்ஸ் ஆயிற்று; பின்னர் மஸ்கிகாப்பா ஆயிற்று. அறிஞர்கள் பறவைகளின் உறவுமுறைகளை மீண்டும் மீண்டும் ஆராய்ந்தபோதெல்லாம் அச்சொல் ஆட்டங்கண்டது. இரண்டாஞ் சொல்லை எவராலும் அசைக்க முடியவில்லை. முந்திய பெயரே செல்லும் என்பது விலங்கியலின் சட்டம்.

தமிழாசிரியர்கள் பொறுத்தருள்வார்களாயின் ஈண்டு ஓர் இலக்கணக் குறிப்பு. ஆறாம் வேற்றுமை கிழமைப் பொருளைத் தருவது; அக்கிழமை தற்கிழமை, பிறிதின்கிழமை என இருவகைப்படும் என்று நன்னூல் கற்பிக்கிறது. தன்னைவிட்டு நீங்காதது தற்கிழமை. கை, கால் போல. நீங்கக்கூடியது பிறிதின்கிழமை, முருகனது வேல் என்பது நாம் வழிவழியாகக் காட்டும் உதாரணம். முத்துவினது பறவை எவ்வகைக் கிழமை? அவர் கையில் அகப்பட்ட அப்பறவையின் தோல் அவருடையதன்று. அது எசமானரின் சேகரத்தைச் சேர்ந்தது. பறந்து திரியும் பறவையோ எவருடையதும் அன்று. அவருக்கு உரிமையானது அவருடைய உழைப்பு ஒன்றே. உழைப்பையேனும் தற்கிழமையுட் சேர்க்கலாமா என்று வகுப்பிற் கேட்டுப் பாருங்கள். மாணவர் நீண்டநேரம் வாதிடுவார்கள்.

இனிக் கண்டிக்கு வருவோம். தலதா மாளிகைக்கு மேலே, குன்றின்மீது உடவத்தகெலே வனம் இருக்கிறது. கண்டி மன்னர்களின் காலத்தில் அரண்மனைச் சோலையாக விளங்கியது. 1856 இல் ஒதுக்கக் காடாகவும் 1938 இல் சரணாலயமாகவும் ஆக்கப்பட்டது. முத்துவின் பறவை குளிர்காலத்தில் அங்கும் வந்து தங்குகிறது. அவ்வனத்தின் பாதைகளிற் செல்வோர் அவற்றின் பெயர்களைக் கவனித்திருப்பர்: ஹோர்ட்டன் சீமாட்டி பாதை, டொரிங்டன் சீமாட்டி பாதை, கோர்டன் சீமாட்டி பாதை, மக்கார்த்தி சீமாட்டி பாதை, அண்டர்சன் சீமாட்டி பாதை. ஆளுநர்களின் மனைவியர் பெயர்கள் அவை. இவற்றுள் டொரிங்டன் என்ற பெயர் கண்டியிலே தனித்த நினைவுக்குரியது. 1847 முதல் 1850 வரை ஆளுநராயிருந்த டொரிங்டன் பிரபு, துப்பாக்கிக்கும் நாய்க்கும்கூட வரி விதித்து, அதனை எதிர்த்து 1848 இல் மாத்தளையில் எழுந்த மக்கள் கிளர்ச்சியை இராணுவச் சட்டத்தினால் அடக்கினார். புரன் அப்பு 1848 ஆகஸ்ட் 8 ஆந் தேதி இக்கண்டி நகரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். லேயார்டும் முத்துவும் பறவை தேடிய ஆண்டுகள் இவையே. பாதைக்குச் சீமாட்டியின் பெயர். அப்பாதையோரத்து மரக்கிளையில் அமர்ந்திருக்கும் குருவிக்குச் சமையற்காரரின் பெயர். பாதைகளை வெட்டியவர்களுக்கோ எங்கும் பெயரில்லை.

பெயரில்லாதவர்களைப் பற்றி இன்னுஞ் சிறிது சொல்லவேண்டும். கெலிஓயாவிலிருந்து மகாவலி ஓரமாகச் சிறிது தூரம் சென்றால் கம்பளை. அதன் அருகே சின்னப்பிட்டியில் 1824 அளவில் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கோப்பித் தோட்டம் ஒன்றைத் திறந்தார். அவருடைய பெயரே ஆங்கிலத்தில் ‘பறவை’ என்று பொருள்படுவது சரித்திரத்தின் குறும்புகளில் ஒன்று. அதனைத் தொடர்ந்து கண்டிச் சீமையின் காடுகள் மலைமலையாக அழிந்தன. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடு, தரிசு, பயிரிடப்படாத நிலம் ஆகியவற்றை எதிர்ச்சான்று இல்லாதவரை முடிக்குரிய சொத்தெனக் கொண்டது. கிராமத்தவரின் சேனை நிலம் இவ்வாறு துரைமாரின் கைக்குப் போயிற்று. மரத்தை வெட்டி, எரித்து, கோப்பி நட்டவர்கள் தமிழ்நாட்டின் வரண்ட மாவட்டங்களிலிருந்து வந்த உழைப்பாளர்கள். தலைமன்னாரை அடுத்த கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைவரை நடந்து வந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். 2023 இல் மலையக மக்களின் இருநூறாவது ஆண்டு நினைவுகூரப்பட்டபோது, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை பலர் அவ்வழியே மீண்டும் நடந்தார்கள். நடந்தவர்கள் நினைவுகூர்ந்த இறந்தோருள் பெரும்பாலோரின் பெயரை எவராலும் சொல்லமுடியாது.

1869 இல் இலைநோய் தோன்றிக் கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது, லயன் காம்பராக்கள் அப்படியே நின்றன.

தோட்டங்களிலே ‘பேர்’ என்ற சொல்லுக்கு வேறெங்கும் இல்லாத ஒரு பொருள் உண்டு. ஒரு நாள் வேலை செய்து, செக்ரோலிற் பதியப்பட்டு, நாட்சம்பளத்துக்கு உரித்தாகுதலே பேர். குறித்த நிறையளவு கொழுந்து பறிக்கத் தவறினால் ‘அரைப்பேர்’. அதாவது அரைநாட் சம்பளம். ‘இன்னிக்கு அரைப்பேர்தான் போட்டாங்க’ என்று தாயொருத்தி சொல்லும்போது, அவள் பேசுவது கூலியைப் பற்றி. ஆயினும் அவள் வாயிலிருந்து வரும் சொல் பேர். பெயரும் கூலியும் ஒரே சொல்லில் அடங்கிய இவ்வழக்கை உருவாக்கியவர் எந்தப் புலவரும் அல்லர். மொழியாராய்ச்சியாளர்கள் இதனை இன்னும் போதிய அளவு ஆராயவில்லை என்பது நமது குறை. முத்துவைப் பற்றி எண்ணும்போதெல்லாம் இச்சொல்லே நமக்கு முன்னே வருகிறது. லத்தீனில் அவருக்கு முழுப்பேர் விழுந்தது. ஆங்கிலத்தில் அதுவும் வெட்டப்பட்டது.

1948 இல் நாடு சுதந்திரம் பெற்றது. அவ்வாண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964 ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் 975,000 பேரைக் கணக்கிட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டார்கள். எஞ்சிய 150,000 பேர் பின்னர் பேசித் தீர்ப்பதற்கு விடப்பட்டனர். 1974 இல் அவர்களையும் சரிபாதியாகப் பிரித்தார்கள். நாடற்றோராய் எஞ்சியிருந்தவர்க்கு 2003 ஆம் ஆண்டின் சட்டமே பிரசாவுரிமை வழங்கியது. இவ்வளவு காலமும் முத்துவின் பறவை ஆண்டுதோறும் இந்தியாவிலிருந்து வந்து, கெலிஓயாவின் பலாமரத்தடியில் தங்கி, மீண்டும் சென்றுகொண்டிருந்தது. அதனிடம் எவரும் பத்திரம் கேட்கவில்லை. கவிஞர்கள் இவ்வொப்புமையில் மயங்கக்கூடும். பறவைக்கு வரமுடிந்தது என்பதைவிட, லயனிலே பிறந்த பிள்ளை வேறு தேசத்தவனென எழுதப்பட்டான் என்பதே நம்மை உறுத்துகிறது.

அண்மையில் இன்னொரு விவாதம் எழுந்துள்ளது. பறவைகளுக்கு மனிதரின் பெயரை இடுவதே தவறு என்கிறார்கள். அடிமை வியாபாரிகளும் படையெடுத்தவர்களும் பறவைகளின் பெயர்களில் வாழ்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். அது முற்றிலும் நியாயமானதே. அமெரிக்கப் பறவையியற் சங்கம் 2023 நவம்பரில், தன் எல்லைக்குட்பட்ட பறவைகளின் ஆங்கிலப் பெயர்களிலிருந்து மனிதரின் பெயர்களை நீக்குவதாக அறிவித்தது. அதே ஆண்டில் விஞ்ஞானிகள் சிலர் ஒருபடி மேலே சென்று, விலங்கியற் பெயர்களிலும் இவ்வழக்கத்துக்கு இடமிருத்தலாகாது என்று எழுதினார்கள். அவர்களுடைய நோக்கத்தை நாம் ஐயுறவில்லை. ஆனால் கணக்கைச் சமன் செய்வதாகக் கூறி ஏட்டையே கிழித்துவிட்டால், வேலை செய்தவனின் ஒரே பதிவும் அதனோடு போய்விடும். சீமாட்டிகளுக்குப் பாதைகளும் பிரபுக்களுக்குச் சிலைகளும் உள. லேயார்டின் மனைவியின் குடும்பப் பெயரான கால்த்ரொப் கூட நமது மலைக்கிளி ஒன்றின் விலங்கியற் பெயரில் 1849 முதல் நிலைத்திருக்கிறது. இவர்களுக்கு ஒன்று போனால் மற்றொன்று உண்டு. முத்துவுக்கு அந்த ஐந்தெழுத்து லத்தீன் ஒட்டுச்சொல்லைத் தவிர வேறில்லை. ஐந்தோ ஆறோ, எழுத்தெண்ணிப் பார்ப்போர் எண்ணிக்கொள்க.

லேயார்ட் 1854 அளவில் இலங்கையை விட்டுச் சென்றார். மறு ஆண்டு கேப் டவுனில் தென்னாபிரிக்க அரும்பொருட்சாலையின் காப்பாளரானார். பின்னர் பிரேசில், பிஜி, நியூ கலிடோனியா எனப் பல நாடுகளில் உத்தியோகம் பார்த்து, 1900 இல் இங்கிலாந்திற் காலமானார். முத்துவுக்கு எசமானரின் ஏட்டிற் கிடைத்த அடைமொழி ‘விசுவாசமான’ என்ற பொருள்பட்டது. எசமானர்கள் வழங்கும் பட்டங்களில் மலிவானது அது. பொறுமையான முயற்சி என்ற மற்றைய சொற்றொடரையே நாம் பெரிதாக மதிக்கிறோம். ஏனெனில் அது வேலையைக் குறிக்கிறது.

தமிழில் இப்பறவையை ‘முத்துவின் ஈப்பிடிப்பான்’ என்று வழங்குதல் வேண்டும் என்பது நமது கோரிக்கை. இதற்கு எந்தச் சங்கத்தின் அனுமதியும் தேவையில்லை. விலங்கியற் பெயரின் நேரான மொழிபெயர்ப்பே அது. விஞ்ஞான ஆசிரியர்கள் வகுப்பறைச் சுவரில் ஒட்டும் படத்தின்கீழ் எழுதினாலே போதும். பத்தாண்டுகளில் அது வழக்காகிவிடும்.

சென்ற ஐப்பசியில் நாம் அவ்வாறு எழுதி ஒட்டினோம். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், தோட்டத்திலிருந்து தினமும் நடந்து வருபவன், நெடுநேரம் அதனையே பார்த்துக்கொண்டு நின்றான். பின்னர் அருகில் வந்து, “சேர், எங்க தாத்தா பேரும் முத்துதான். ஆனா தோட்டத்துப் பதிவுல வேற என்னமோ எழுதிட்டாங்களாம், பென்சன் காசு எடுக்கப் போனா அது அவரில்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க” என்றான். அப்பதிவைத் திருத்துவதற்கான விண்ணப்பத்தை எழுதிக் கொடுக்க முடியுமா என்று கேட்டான். அன்று மாலை பாடசாலை விட்டபின் இருந்து எழுதினோம். பின்புறத்துக் கமுகந்தோப்பிலே இருள் கவியத் தொடங்கியிருந்தது. பையன் சன்னலருகே நின்று, வெளிறிய காலா கறுத்த காலா என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.